எஞ்சினுக்குள் ஒரு மிஸ்

சூறாவளி அடித்த மறுவருடம் கல்முனைப் பக்கத்தில் ஆஸ்பத்திரியை விடக் கூட்டம் கூடிய இடம் ஒன்று இருந்தது. நற்பிட்டிமுனைக்குப் போகும் வழியில், தலை முறிந்த தென்னைகளுக்கு நடுவே, கிடுகால் கட்டிய ஒரு கொட்டில். அதற்குள்தான் மோட்டார் பாவா என்கிற ஸைனுலாப்தீன் பாவா இருந்தார்.

மனிதருக்கு ஓதிப் பார்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஸைனுலாப்தீன் பாவா மனிதரைத் தொடுவதில்லை. அவர் பார்ப்பது கார், லொறி, உழவு மெசின், தண்ணி இறைக்கிற பம்பு. நல்ல யோசனைக்காரர். மனிதனுக்கு வருத்தம் சுகமாகாவிட்டால் வாயைத் திறந்து சொல்லிவிடுவான். காருக்குத் திறப்பதற்கு பொனட் மட்டும்தான் இருக்கிறது.

பாவாவின் விளக்கம் இதுதான். சூறாவளியில் மனிதருக்கு மட்டுமா வீடு போனது? மரங்களில் குடியிருந்த ஜின்களுக்கும் போனது. மனிதருக்கு நிவாரணம் கொடுத்தார்கள், தகரம் கொடுத்தார்கள். ஜின்களை யாரும் பதியவில்லை. அவை என்ன செய்யும்? வெள்ளத்துக்குள் நின்ற கார்களில் ஏறிக்கொண்டன. இதைக் கேட்டவர்கள், நியாயம்தானே என்று தலையாட்டினார்கள். வெள்ளத்தில் நின்ற காருக்குள் தண்ணீரும் சேறும் துருவும் போயிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜின் போனது மட்டும் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

வைத்தியம் பார்க்க அழகாக இருக்கும். பாவா முதலில் கறுப்பு நூலில் ஒரு தேசிக்காயைக் கட்டி பொனட்டுக்கு மேலே தொங்கவிடுவார். காய் சுழன்றால் உள்ளே ஆள் இருக்கிறது. பிறகு பொனட்டைத் திறந்து, எஞ்சினையும் தன் தலையையும் சேர்த்து ஒரு பச்சைத் துணியால் மூடிக்கொள்வார். உள்ளே முணுமுணுப்புக் கேட்கும். சற்று நேரத்தில், நின்ற இடத்தில் செத்துச் செத்துப் போன எஞ்சின் உயிர் பிடித்து ஊர் அதிரக் கத்தும். அவர் கைபட்ட கார்களெல்லாம் கடைத்தெருவில் நெல்லு மில் போல இரைந்துகொண்டு நின்றன. பெற்றோல் இரண்டு மடங்கு குடித்தன. பிறேக்கை விட்டால் தாமாகவே புறப்பட்டன. கார்கள் திக்ர் செய்கின்றன, இறைவன் பெயரை ஓதிக்கொண்டு நிற்கின்றன என்று பக்திமான்கள் சொன்னார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள் சீனிமுகம்மது வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கலியாணம்.

சீனிமுகம்மதுவிடம் ஒரு கறுப்பு ஒஸ்டின் ஏ-போட்டி இருந்தது. மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓடிய கார். கை மாறி மாறி இறங்கி கல்முனைக்கு வந்து, ஹயர் காராகி, வீட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. வேறு வயலோ கடையோ அவருக்குக் கிடையாது. சூறாவளிக்குப் பிறகு அந்தக் காருக்கு ஒரு குணம் வந்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. பொத்துவில் வரைக்கும் பறக்கும். நிறுத்தி வைத்தால் மட்டும், கியரை எடுத்துக் காலை விட்டதும், ஒரு விக்கல், ஒரு நடுக்கம், பிறகு மௌத்து, சாவுதான். சவளக்கடை றோட்டில் எருமைகள் குறுக்கே வந்தால் நின்றுவிடும். சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டினால் நின்றுவிடும். அதனால் சீனிமுகம்மது நிறுத்தாமலே ஓடப் பழகினார். ஆட்களை இறக்கும் இடத்தில் மெதுவாக ஒரு வட்டம் அடிப்பார். அவர்கள் குதித்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களுக்கு இரண்டு வட்டம்.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் இந்த வித்தை எடுபடாது. ஊர்வலம் என்றால் நடக்கிறவர்களோடு கார் ஊர்ந்து போக வேண்டும். கார் ஊரும், நிற்கும், சாகும். தலைப்பாகையும் மாலையுமாகப் பின் சீற்றில் இருந்த மாப்பிள்ளையை உறவுக்காரர்கள் தள்ளிக்கொண்டே பெண்வீட்டுக்குப் போனார்கள். கடைசி மேட்டில் ஆள் போதவில்லை. மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளினார்.

மறுநாள் சீனிமுகம்மது காரைப் பாண்டிருப்பு செல்லத்தம்பியின் கராஜுக்குக் கொண்டுபோனார். செல்லத்தம்பி பொனட்டைத் திறந்து, காதைக் கிட்டக் கொடுத்துக் கேட்டுவிட்டு, எஞ்சினில் ஒரு மிஸ் இருக்கு, திருக்கோயில் தீர்த்தம் முடிந்து வந்து கழற்றிப் பார்ப்போம் என்றார். அடி தவறுகிறது என்பதற்கு கராஜ்காரர் சொல்லும் சொல் அது. அதைச் சொல்லிவிட்டு அவர் திருக்கோயிலுக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் நின்று இதைக் கேட்டவர் கச்சிமுகம்மது. பம்பு வைத்து மிளகாய்ச் செய்கை பண்ணுகிறவர்; மரியாதை தெரிந்த மனிதர். மிஸ் என்றால் அவருக்குத் தெரிந்தது இரண்டே பேர். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மிஸ், ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற மிஸ். இரண்டு பேரையும் 'இருக்கு' என்று அஃறிணையில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆகவே கடைத்தெருவுக்கு வந்து திருத்திச் சொன்னார்.

"சீனிட எஞ்சினுக்குள்ள ஒரு மிஸ் இரிக்காவாம். செல்லத்தம்பியே கண்டுட்டான்."

இலக்கணம் திருந்தியது. கார் கெட்டது.

பின்னேரம் ஆவதற்குள் மிஸ்ஸுக்கு ஒரு வரலாறு வந்துவிட்டது. கார் துரையுடையது, ஆகவே அவ துரையின் மகள். படிப்பித்தவவா ஊசி போட்டவவா என்பதில் மட்டும் ஊர் இரண்டுபட்டது. காருக்குள் ஸ்பிரித்து மணக்கிறது, ஆகவே ஆஸ்பத்திரி மிஸ்தான் என்றது ஒரு கட்சி. பெற்றோல் ஓடுகிற காருக்குள் வேறு எந்த மணத்தை எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை.

வீட்டுக்குப் போன சீனிமுகம்மதுவுக்கு முன்னால் செய்தி போயிருந்தது. மனைவி சுல்பிகா குசினி வாசலில் நின்றா.

"இஞ்சேருங்க, எத்தின நாளா?"

என்ன எத்தனை நாள் என்று கேட்டார் இவர்.

"அந்த மிஸ். நான் முன் சீட்டுல இரிக்கட்டா எண்டு கேட்டா, ஊர் என்ன சொல்லும் புள்ள எண்டு பின்னுக்கு ஏத்துறீங்க. அவ எஞ்சினுக்குள்ளயே இரிக்கா. அதுக்கு ஊர் ஒண்டும் சொல்லாதா?"

சீனிமுகம்மது தான் அந்த மிஸ்ஸைக் கண்ணாலும் காணவில்லை என்று சத்தியம் பண்ணினார். சத்தியம் பண்ணப் பண்ண அவருக்கே பயம் பிடித்தது. காணவில்லை என்றால் அவ அவ்வளவு மறைவாக இருக்கிறா என்றுதானே பொருள்? அடுத்த கலியாணத்துக்குக் காரைப் பேசியிருந்தவர்கள் வந்து வேண்டாம் என்றார்கள். புது மாப்பிள்ளையை இன்னொரு பெண்ணோடு ஏற்றி அனுப்ப எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்?

ஆகவே பாவா. தேசிக்காய் சுழன்றது. பச்சைத் துணி மூடியது. எஞ்சின் கத்தியது. சீனிமுகம்மது கண் கலங்கிப் போனார். கார் சில நாள் வெறி பிடித்த மாதிரி ஓடியது. இரைச்சல் தாங்காமல் மறுபடி போனபோது பாவா மறுபடியும் துணிக்குள் தலையை விட்டார். இந்த முறை எஞ்சின் விக்கிச் செத்தது. துணியிலிருந்து வெளியே வந்த பாவாவின் முகம் சாவு விழுந்த மையத்து வீட்டு முகமாக இருந்தது.

"மகனே, இவ போகமாட்டாவாம். உன்னில மனசு வச்சிட்டா. இந்தக் கார் உன்ட வளவுக்குள்ள நிண்டா அந்த வீட்டுல ஓர் ஆம்புளைய எடுத்துட்டுத்தான் போவா."

அந்த வீட்டில் இருந்த ஆம்பிளை சீனிமுகம்மது ஒருவர்தான்.

பாவாவின் பக்கத்தில் காலிதீன் என்று ஒருவர் எப்போதும் நிற்பார். கார் தரகர். பாவாவின் வாய் சோகத்தில் மூடும்போது காலிதீனின் வாய் கருணையில் திறக்கும். தூர ஊரில் ஜின்னுக்கு அஞ்சாத ஓர் ஆள் இருக்கிறார், உங்களுக்காகப் பேசிப் பார்க்கிறேன் என்றார். அந்த ஆள் தருவதாகச் சொன்ன விலைக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம். இப்படி எத்தனையோ கார்கள் அந்தத் தைரியசாலியிடம் போயிருந்தன. போன கார்கள் எல்லாம் நல்ல கார்களாக இருந்ததும், கறள் பிடித்துக் கழிந்த கார்களில் இருந்த ஜின்கள் மட்டும் பாவா சொன்னவுடன் இறங்கிப் போனதும் தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். பாவாவும் காலிதீனும் ஏறித் திரிந்ததும் அப்படிக் கைக்கு வந்த ஒரு கறுப்பு ஏ-போட்டிதான். சீனிமுகம்மதுவுடைய காரின் கூடப் பிறந்தது போல இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாவியைத் தருவதாக சீனிமுகம்மது ஒப்புக்கொண்டார்.

செல்லத்தம்பி திருக்கோயிலால் வந்தது வியாழக்கிழமை. கதையைக் கேட்டவர் சிரித்துச் சிரித்து ஒரு பழைய ரயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். மிஸ் என்றால் என்ன என்று விளக்கினார். துருவோ மண்ணோ பெற்றோலோடு வந்து, பெற்றோலும் காற்றும் கலக்கிற காபிரேட்டருக்குள் சின்ன ஜெட்டின் துளையை அடைத்திருக்கும். ஓடும்போது பெரிய ஜெட்டால் பெற்றோல் போகும், நிற்கும்போது சின்னதால்தான் போகவேண்டும், அதுதான் நின்றால் சாகிறது என்றார். பாவா துணிக்குள் செய்வதும் அவருக்கு விளங்கிவிட்டது. எஞ்சின் நிற்கும்போது எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதற்கு ஓர் இஸ்குறூ இருக்கிறது. அதை முறுக்கினால் கத்தும், இளக்கினால் சாகும். இதற்கு ஜின் தேவையில்லை, இஸ்குறூட்றைவர் போதும்.

சீனிமுகம்மதுவுக்கு இது ஏறவில்லை. செல்லத்தம்பி நல்ல சினேகிதர்தான். ஆனால் ஜின் இல்லை என்றால் கராஜுக்கு வேலை வரும், ஜின் இருந்தால் வராது. அவர் அப்படித்தான் சொல்லுவார். பாவாவுக்குப் பொய் சொல்ல என்ன தேவை? காரை எடுக்கப்போவது வேறு யாரோ அல்லவா? இப்படி நியாயம் பேசும்போது சீனிமுகம்மதுவின் மூளை மிகக் கூர்மையாக வேலை செய்தது. பிழையான பக்கத்துக்கு.

சுல்பிகா இரண்டு பேரையும் நம்பவில்லை. அவவுக்கு எஞ்சினும் தெரியாது, ஜின்னுக்கு ஓதுகிற இசுமும் தெரியாது. அவவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த மிஸ் எங்கே இருக்கிறா? அன்று பின்னேரமே புருஷனையும் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டா.

"பாவா, அந்த மிஸ் காருல எந்த இடத்துல இரிக்கா?"

எஞ்சினில் என்றார் பாவா.

"எஞ்சின் பெரிசு. எந்த மூலையில?"

இப்படி ஒரு கேள்வி பாவாவின் தொழிலில் அதுவரை வந்ததில்லை. கொஞ்சம் கண்ணை மூடினார். பெற்றோலும் காற்றும் வந்து சேருகிற ஒரு சட்டி இருக்கிறது, அதற்குள் இருக்கிறா என்றார். வெளியே கிளியே போகமாட்டாவா என்று கேட்டா சுல்பிகா. போகமுடியாது, இசும் ஓதி நான் அந்தச் சட்டிக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறேன் என்று பாவா அடித்துச் சொன்னார். கூட்டம் அதையும் கேட்டுத் தலையாட்டியது. சுல்பிகா சந்தோசப்பட்டு, நாளைக்கு சாவி வாங்க வரும்போது எங்கள் வீட்டில்தான் பகல் சாப்பாடு என்று சொல்லிவிட்டு வந்தா.

வழியில் புருஷனிடம் தன் எண்ணத்தைச் சொன்னா. சட்டி இரண்டு காரிலும் இருக்கிறது. கார் இரண்டும் ஒரே சாதி. அவர்கள் சாப்பிடும் நேரத்துக்குள் செல்லத்தம்பி அண்ணன் சட்டிகளை மாற்றிப் பூட்டட்டும். பிறகு பாவாவே பார்த்துச் சொல்லட்டும். சீனிமுகம்மது நடையை நிறுத்தினார். மிஸ் கோபப்பட்டால் என்றார்.

"பாவா சொன்னது சரியா வந்தா சாவிய நானே எடுத்துக் குடுக்கிறன். பிழையா வந்தா கார் நம்மட. வேற என்னத்த வச்சுப் பொழைக்கிறது, சொல்லுங்க பாப்பம்."

சீனிமுகம்மது வழியை மாற்றி செல்லத்தம்பியின் கராஜுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பாவாவும் காலிதீனும் தங்கள் காரில் வந்து வளவுக்குள் இறங்கினார்கள். உள் அறையில் பாய் விரித்து, நெய்ச்சோறும் கோழி ஆணமும் பொரித்த இறைச்சியுமாக ஒரு சஹன் வைத்திருந்தது. ஒரே தட்டில் கூடி இருந்து சாப்பிடுகிற சாப்பாடு. அதில் ஒரு முறை உண்டு. கூட இருக்கிறவர் கை எடுக்கும் வரை மற்றவர் எழும்பக்கூடாது. எழும்பினால் அவரைப் பசியோடு எழுப்பிய மரியாதைக் குறைவு.

சீனிமுகம்மதுவின் கையில் இருந்த ஆயுதம் இது ஒன்றுதான். வாழ்க்கையில் அவர் இவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு சோறாகப் பொறுக்கினார். கோழி எலும்பை நகைக்கடைக்காரர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவாவின் பக்கம் முடிந்தால் தன் பக்கத்துச் சோற்றைத் தள்ளிவிட்டார். வெளியே முற்றத்தில் ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது. என்ன அது என்றார் காலிதீன். அகப்பை என்றார் சீனிமுகம்மது. கொஞ்சம் பொறுத்து இன்னுமொரு அகப்பை விழுந்தது. பாவா இடுப்புப் பட்டியைத் தளர்த்திவிட்டு, மகனே நீ நிறையச் சாப்பிடுகிற ஆள் என்றார். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை பாவா என்று சீனிமுகம்மது அழாத குறையாகச் சொன்னார்.

கடைசியில் சுல்பிகா திரைக்குப் பின்னால் நின்று இருமினா. சீனிமுகம்மது கையை எடுத்தார்.

வெளியே வேலி நிறைய ஆட்கள். மிஸ் ஊரை விட்டுப் போகிறா என்றதும் வழியனுப்ப வந்திருந்தார்கள். பாவா ஏப்பம் விட்டுக்கொண்டு சாவிக்குக் கையை நீட்டினார்.

போவதற்கு முதல் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கள், மிஸ் எந்தக் காரில் இருக்கிறா என்று ஊரும் அறியட்டும் என்றா சுல்பிகா. பாவாவுக்கு அது பிடித்திருந்தது. சபை பெரிது. தேசிக்காயை சீனிமுகம்மதுவின் கார் மேல் தொங்கவிட்டார். காய் பம்பரமாகச் சுழன்றது. தன் காரின் மேல் தொங்கவிட்டார். காய் தொழுகையில் நிற்பவர் போல அசையாமல் நின்றது.

"கண்டயளா? இதுக்குள்ளதான் இரிக்கா. என்ட காருக்குள்ள ஏறுற தைரியம் எந்த ஜின்னுக்கும் இல்ல."

சீனிமுகம்மது தன் காரை ஸ்டார்ட் பண்ணினார். கியரில் போடவில்லை. காலை எடுத்தார். கூட்டம் மௌத்துக்காகக் காத்து நின்றது. கார் சாகவில்லை. வயிறு நிறைந்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. சுல்பிகா ஒரு பிளேன்டீக் கிளாசைக் கொண்டுவந்து மட்காட்டின் மேல் வைத்தா. தேத்தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

நான் பக்கத்தில் நிற்கிறபடியால் அடங்கி இருக்கிறா என்றார் பாவா. அப்படியென்றால் உங்கள் காரையும் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கள் என்றா சுல்பிகா. காலிதீன் ஏறினார். எஞ்சின் பிடித்தது. காலை எடுத்தார். ஒரு விக்கல், ஒரு நடுக்கம், அமைதி. மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். மறுபடி அமைதி. பாவா பக்கத்திலேயே நின்றும் அந்த மிஸ் அடங்கவில்லை.

வேலிப்பக்கத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எவருக்கும் நிறுத்தமுடியவில்லை.

"பாவா, மிஸ் உங்கட காருக்கு மாறிட்டா போல," என்றா சுல்பிகா. "உங்கட வளவுலயும் ஆம்புள இரிக்கிற. வச்சிரிக்கக் கூடாது. எங்களுக்குச் சொன்ன விலையத் தாறம், காரத் தந்திட்டுப் போங்க. எங்களுக்கு அவ பழக்கம்தானே."

பாவாவின் முகம் பச்சைத் துணியின் நிறத்துக்கு வந்தது. தேசிக்காயைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் காரின் பொனட்டைத் தூக்கினார். துணியும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. ஒரே ஒரு பார்வை.

"ஆர்ரா என்ட காபிரேட்டரக் கழட்டி மாத்தினது?"

சிரிப்பு நின்றது. நேற்றுவரை சட்டி என்று சொன்ன வாயிலிருந்து அந்தப் பெயர் அட்சரசுத்தமாக வந்திருந்தது. எந்தக் கராஜில் எவ்வளவு காலம் எண்ணெய் பூசி எழும்பிய வாய் என்று அப்போதுதான் ஊர் யோசித்தது.

செல்லத்தம்பி மாமரத்துக்குப் பின்னால் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான்தான். மிஸ்ஸ அதுக்குள்ள கட்டிவச்சது நீங்கதானே பாவா. அவவ அப்பிடியே அலுங்காமத் தூக்கி வச்சன்."

பிறகு அவர் எல்லாரும் பார்க்க, துணி மூடாமல், ஓடிக்கொண்டு நின்ற சீனிமுகம்மதுவின் காரில் இஸ்குறூவை முறுக்கிக் காட்டினார். கார் கத்தியது. இளக்கினார். அடங்கியது. முறுக்கினார். கத்தியது. பிள்ளைகள் இன்னொருக்கா, இன்னொருக்கா என்றார்கள். பெரியவர்களும் கேட்டார்கள், அவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் காட்சிக்கு முன்பு காணிக்கை கொடுத்தவர்கள். காரைச் சைக்கிள் விலைக்குக் கொடுத்திருந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் காலிதீனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பொழுது படும்வரை காலிதீன் எந்தக் கார் எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாவா அவருக்குப் பக்கத்தில், மறந்த பெயர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

செல்லத்தம்பி காபிரேட்டர்களை அவரவர் காருக்கே திரும்ப மாற்றினார். சீனிமுகம்மதுவுடையதைப் பூட்டுவதற்கு முன் சின்ன ஜெட்டைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். கடுகளவு துரு விழுந்தது. ஜெட்டை வாயில் வைத்து ஊதி மறுபடி போட்டார். வைத்தியம் அவ்வளவுதான். சீனிமுகம்மது அந்தத் துருவை நெடுநேரம் பார்த்தார். இதற்கா நான் சாவியைக் கொடுக்கப் போனேன் என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. சுல்பிகா முன் கதவைத் திறந்து, முன் சீற்றில் ஏறி இருந்தா. ஊர் பார்த்தது. சீனிமுகம்மதுவும் பார்த்தார். ஏறி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த நேரம் கச்சிமுகம்மது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து காரின் ஜன்னலைப் பிடித்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்த மனிதர் அவர்.

"அது சரி புள்ள. காருல மிஸ் இல்ல எண்டு இப்ப நல்லா வெளங்குது. அப்ப என்ட தண்ணிப் பம்புல இரிக்கிறது ஆரு?"

சுல்பிகா ஜன்னலால் தலையை நீட்டினா.

"காக்கா, பம்ப விடுங்க. முதல்ல உங்கட மூளைய ஒருக்காக் கழட்டி, ஊதிப் போடுங்க. கனகாலம் ஓடாம நிண்டு துருப் புடிச்சிரிக்கும்."

கூடி நின்ற எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.